நாலு நொடி இரைச்சல்

பேச்சை வெட்டுவதற்கு முன்னால் ஐசக் நாற்காலியை அரை அடி பின்னால் தள்ளிக்கொள்வான். ஹெட்போனின் இடது பக்கத்தைக் காதிலிருந்து சற்று விலக்கி, கண்ணை மூடி, முழுவதையும் ஒருமுறை ஓடவிடுவான். பிறகுதான் திரைக்கு வருவான். திரையில் அந்தப் பேச்சு பச்சை நிறத்தில் கரட்டு மேடுகளாக ஏறி இறங்கிக் கிடக்கும். இரண்டு மேடுகளுக்கு நடுவே, புல் முளைத்த மாதிரி, மெல்லிய கோடு ஒன்று இருக்கும். அது பேசியவர் இழுத்த மூச்சு. அதன் இரண்டு பக்கமும் நகத்தால் கீறுவதுபோல் கோடு போட்டு, நடுவில் இருப்பதைப் பெயர்த்தெடுப்பான். மேடுகளை இழுத்து ஒட்டவைப்பான். ஒட்டிய இடம் தெரிகிறதா என்று மூன்று தடவை கேட்பான்.

எடுத்த மூச்சை அழிக்க மாட்டான். ‘கழிவு’ என்று பெயர் வைத்த ஒரு ஃபோல்டரில் கொண்டுபோய்ப் போடுவான். பெயர் கிடையாது, வெறும் எண்தான். மூச்சு மட்டுமில்லை, இருமல், தொண்டைச் செருமல், நாற்காலி இழுபடுவது, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், பேசத் தொடங்குமுன் ஓடும் ஃபேன் இரைச்சல், எல்லாம் அதற்குள் போகும். பத்து வருஷத்தில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் துண்டுகள் சேர்ந்திருந்தன. போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற பெண்கள் வெடித்த காயைக் குப்பையில் போடுவதில்லை, தனிச் சாக்கில் கட்டி வைப்பார்கள். அதற்கும் ஆள் வரும். ஐசக்கின் கணக்கும் அதுதான். ஒரு போதகரின் இருமலை எடுத்து, கீழ் ஸ்தாயிக்கு இறக்கி, கிறிஸ்துமஸ் பாட்டுக்கு டிரம் அடியாக வைத்திருக்கிறான். அந்தப் போதகரே பாட்டைக் கேட்டுவிட்டு, “டிரம் சத்தம் நெஞ்சுல அடிக்குது ஐசக்” என்று மெச்சினார்.

கழிவைக் காப்பாற்றுகிறவன் அசலைக் காப்பாற்றுவதில்லை. கம்ப்யூட்டர் பழையது, ஹார்ட் டிஸ்க் எப்போதும் கழுத்து வரை நிறைந்திருக்கும். வேலை முடிந்து கொடுத்தாயிற்று என்றால் மூலப் பதிவைத் தூக்கிவிடுவான். கடையைப் பூட்டுமுன் கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியைக் காலி செய்வது, மெயின் சுவிட்சை அணைப்பது மாதிரி, கை தானாகச் செய்கிற காரியம்.

கையின் இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கல்யாண வீடியோக்காரர்கள் மெமரி கார்டோடு வந்து நிற்பார்கள். “வெரசா எடுத்துட்டு கார்டைக் காலி பண்ணிக் குடுண்ணே, அடுத்த மண்டபத்துக்கு ஓடணும்” என்பார்கள். அதனால் அவன் கை காப்பி போடப் பழகவில்லை. வெட்டி எடுத்து ஒட்டுவதற்கே பழகியிருந்தது. எடுத்த இடத்தில் ஒன்றும் மிஞ்சாது.

ஐசக்கின் அப்பா எபினேசர் மைக் செட் வைத்திருந்தார். கூம்பு ஸ்பீக்கரைப் புளிய மரத்தில் கட்டிவிட்டு இறங்கும்போது விழுந்து, ஆறு மாதம் படுத்திருந்து போய்ச் சேர்ந்தார். மதுரையில் பாதி டிப்ளமோவோடு திரும்பி வந்த ஐசக் மைக் செட்டை விற்று, மாவு மில்லுக்கு மேலே ஒரு அறை பிடித்தான். சுவரெல்லாம் முட்டை அட்டை, அதன் மேல் பழைய கம்பளி. கீழே மில் ஓடும்போது தரையே அதிரும். பதிவு எதுவும் முடியாது. மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை மில்லுக்குச் சாப்பாட்டு நேரம். அந்த இரண்டு மணி நேரம்தான் ஐசக்கின் ஸ்டுடியோ. ஆட்டோவில் கட்டி ஓட்டுகிற விளம்பரம், பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு நாலு பாட்டை வெட்டி ஒட்டிய நடனப் பாட்டு, சபைப் பாட்டு, முளைப்பாரிப் பாட்டு, முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தில் பேசிப் பாடி, மீதி நேரமெல்லாம் வெட்டி அடுக்கப்பட்டவை. எவர்சில்வர் டம்ளரில் ஏலக்காயைப் போட்டுக் குலுக்கிய சத்தம் அவனுடைய எல்லாப் பாட்டிலும் தாளமாக ஓடும். “உன் பாட்டைக் கேட்டா டீ குடிக்கணும்போல இருக்கு” என்பாள் அவன் மனைவி ஷீலா.

அக்டோபர் பதினொன்றாம் தேதி, மில் நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால், லிங்கேஸ்வரன் படியேறி வந்தான். சிலமலைக்காரன், இருபத்து மூன்று வயது, தலை மழித்திருந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வராமலே நின்றான்.

“நினைவஞ்சலியா தம்பி?”

“இல்லண்ணே. ஒரு பேச்சு இருக்கு. சரியாக் கேக்க மாட்டேங்குது. தெளிவாக்கித் தரணும்.”

அவன் சொன்னது இவ்வளவுதான். அவன் அம்மா அன்னக்கொடி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவள். வெறும் கூலியாள் இல்லை, ஆள் கூட்டுகிறவள். மேலே எஸ்டேட்டில் இருக்கும் கங்காணி ஜக்கையன், நாளைக்கு எத்தனை ஆள், எந்தக் காடு என்று சாயங்காலம் அவளுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவான். அவள் வீடு வீடாகச் சொல்லி, விடிகாலை ஜீப்பில் ஒரு லோடு ஆளை ஏற்றி, போடிமெட்டு தாண்டிக் கூட்டிப் போவாள். அப்படி ஒரு நாள் போனவள் மத்தியானமே வாயில் நுரை தள்ள, கண்மணி கடுகாகச் சுருங்க, ஜீப்பில் படுக்கவைத்துக் கொண்டுவரப்பட்டாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தாள். உடம்பில் பூச்சிமருந்து இருந்தது.

“மருந்தடிச்ச காட்டுல விட்ருக்காங்கண்ணே. எஸ்டேட்டுல கேட்டா, அன்னைக்கு அவ வேலைக்கே வரலைங்கிறாங்க. கூடப்போன பதிமூணு பேரும் நல்லா இருக்காங்களே, இவளுக்கு மட்டும் எப்படி, வீட்டுல எதையோ குடிச்சுருப்பாங்கிறாங்க. கூடப்போனவங்களும் ஆமா வரலைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அவங்களையும் சொல்ல முடியாது, நாளைக்கு ஜீப்புல ஏத்த மாட்டான்.”

சட்டைப் பையிலிருந்து ஒரு ஃபோனை எடுத்தபடி சொன்னான். “எனக்கு வேற ஒண்ணும் வேணாம்ணே. ஆத்தா குடிச்சுச் செத்துச்சுன்னு எழுதக் கூடாது. தங்கச்சி சுகன்யா பன்னெண்டாவது படிக்குது. பள்ளிக்கூடத்துல டீச்சரே கேக்குறாங்களாம், உங்கம்மா எதுக்குக் குடிச்சாங்கன்னு.”

அன்னக்கொடியின் ஃபோனை நீட்டினான். மூலையில் விரிசல் விட்ட ஃபோன், பின்னால் அம்மன் படம் ஒட்டியது. அவள் கடைசியாக வேலைக்குப் போனதற்கு முதல் நாள் மாலை ஆறு பத்துக்கு ஜக்கையன் அனுப்பியது. ஐசக் கேட்டான். முழுக்க ஒரே இரைச்சல். டுர்ர்ர் என்று இழுத்துக்கொண்டே போய் ஒரு விக்கல். மறுபடி இழுவை, மறுபடி விக்கல். ஜீப்பு எஞ்சின் என்று நினைத்துக்கொண்டான். அதற்கு அடியில், சாக்குக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஒரு குரல்.

“பின்னாடி ஓடுற அந்தச் சத்தம் மட்டும் இல்லேன்னா போதும்ணே” என்றான் லிங்கேஸ்வரன்.

“அது இல்லாமப் பண்ணிரலாம்.”

கேபிளைச் செருகினான். ஃபைலைத் தேடினான். கை தன் பழக்கத்தைச் செய்தது.

நல்ல வேலை அமைந்த சந்தோஷம் ஐசக்குக்கு வந்துவிட்டது. அதை மறைக்க வேண்டுமே என்ற கூச்சமும் இருந்தது. ஜக்கையன் பொத்தானை அழுத்திவிட்டு நாலு நொடி பேசாமல் இருந்திருக்கிறான், யாரையோ பார்த்துக்கொண்டோ என்னவோ. இரைச்சலை எடுப்பதற்கு அது வரப்பிரசாதம். பேச்சில்லாத அந்த நாலு நொடியைக் காட்டி, இதுதான் இரைச்சல், இதை எங்கே கண்டாலும் எடு என்று மென்பொருளுக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும். சொல்லிக் கொடுத்தான். பச்சை மேடுகளைச் சுற்றி மண்டியிருந்த புதர் ஒரேயடியாக விலகி, மேடுகள் மட்டும் நின்றன. முதல் நாலு நொடியை வெட்டிக் கழிவில் போட்டான். செருமலை எடுத்தான். இரண்டு மூச்சை எடுத்தான். வாக்கியத்துக்கு நடுவில் அநாவசியமாக இருந்த இடைவெளியைச் சுருக்கினான். சத்தத்தைத் தூக்கினான்.

மில் நின்ற அமைதியில் ஜக்கையனின் குரல் அறைக்குள் ஆள் நிற்பதுபோல் வந்தது. “அன்னக்கொடி, நாளைக்கு மூணாம் காடு. பதினாலு ஆள் வேணும், கேட்டோ. மருந்தடிச்சு மூணு நாளாச்சு, ஒண்ணும் செய்யாது. நல்ல ஆளா நோக்கிக் கூட்டிட்டு வா.”

லிங்கேஸ்வரன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கம்பளியைத் தொட்டபடி நின்றான். பிறகு, “இன்னொருக்கப் போடுங்கண்ணே” என்றான்.

ஐசக் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான். கூலி வேண்டாம் என்றான். சாயங்காலம் வழக்கம்போல மூலப் பதிவைத் தூக்கிவிட்டு, குப்பைத்தொட்டியைக் காலி செய்துவிட்டு, கடையைப் பூட்டினான். வீட்டில் ஷீலாவிடம் மட்டும், “இன்னைக்கு ஒரு உருப்படியான சோலி பார்த்தேன்” என்றான்.

மூன்று வாரம் கழித்து, எஸ்டேட் இருக்கும் கேரளப் பக்கத்து மலைமேல், அன்னக்கொடியின் சாவு பற்றி விசாரணை. துணைக்கு வரச்சொல்லி லிங்கேஸ்வரன் கேட்டதால் ஐசக் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டான். பஸ்சு வளைவு வளைவாக ஏறியது. மெட்டுக்கு அப்பால் சாரல். அலுவலக வராந்தாவில் எஸ்டேட் ஆட்கள் இரண்டு பேரோடு ஜக்கையன் நின்றான். ஐம்பது வயதிருக்கும், மப்ளர் சுற்றிய, சாதாரண ஆள். “சாப்டியாப்பா?” என்று லிங்கேஸ்வரனைக் கேட்டான். குரல் பதிவில் இருந்ததைவிட மெலிவாக இருந்தது.

விசாரணை அதிகாரி பதிவை ஸ்பீக்கரில் போட்டு ஒருமுறை கேட்டார். இரண்டாம் முறை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

“நல்லா இருக்கு. இது எவிடே பேசினது? ஸ்டுடியோவிலா?”

“இல்ல சார். ஃபோன்ல வந்தது. நான் சத்தத்தை மட்டும் எடுத்தேன்” என்றான் ஐசக்.

“வேற என்ன எடுத்தீங்க?”

ஐசக் சொன்னான். மூச்சு, செருமல், இடைவெளி. சொல்லச் சொல்ல அவனுக்கே அது வேறு மாதிரிக் கேட்டது.

“வெட்டின இடம் தெரியாம வெட்டறதுதான் உங்க தொழில். அல்லே?”

“ஆமா சார்.”

“அப்ப அசலைக் காட்டுங்க.”

லிங்கேஸ்வரன் அம்மாவின் ஃபோனை எடுத்துக் கொடுத்தான். ஜக்கையனின் பெயர் இருந்தது. தேதி இருந்தது, ஆறு பத்து என்ற நேரமும் இருந்தது. அதிகாரி அழுத்தினார். திரையில் ஆங்கிலத்தில் ஒரு கட்டம் எழும்பி நின்றது. அவரே அதை வாசித்துச் சொன்னார். “ஃபைல் இதில் இல்லை. அனுப்பினவரிட்ட மறுபடி அனுப்பச் சொல்லணுமாம்.”

அனுப்பியவன் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

“அனுப்பினேன் சாரே. இல்லைங்கல” என்றான் ஜக்கையன். “நாளைக்கு ஆள் மதி, நீ வரவேண்டாம்னுதான் அனுப்பினேன். இது என் குரலை வச்சு வெட்டி ஒட்டினது. இந்தத் தம்பி போடியில பாட்டே செஞ்சு விக்கிறவரு. யார் குரலை வேணாலும் பேச வைப்பாரு.”

“உங்க ஃபோனில் இருக்குமே?”

“பழசு தங்காது சாரே. நெறைஞ்சுபோச்சுன்னு அப்பப்ப அழிச்சுருவேன்.”

அந்த ஒன்று மட்டும் பொய்யாக ஐசக்குக்குத் தோன்றவில்லை.

கீழே வருகிற பஸ்சில், புலியூத்து வளைவுக்கு அருகே, லிங்கேஸ்வரன் கேட்டான். “ஒண்ணுமே மிச்சமில்லையாண்ணே? ஏதாச்சும் ஒரு துண்டு?”

“பேச்சு ஒண்ணும் இல்லப்பா.”

அடுத்த நாள் ஐசக் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தேனிக்குக் கொண்டுபோனான். அழிந்ததை மீட்கிற கடைக்காரன் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, யாருடையதோ காதுகுத்து வீடியோவில் பதினோரு விநாடி எடுத்துக் கொடுத்தான். ஃபோனிலும் அந்த இடத்தில் புதிது புதிதாக என்னென்னவோ வந்து உட்கார்ந்துவிட்டது. டிசம்பரில் விசாரணை முடிவுத் தாள் வந்தது. விஷம் அருந்தி இறப்பு என்று இருந்தது. லிங்கேஸ்வரன் அதை எடுத்துவந்து காட்டினான். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஐசக் பின்னால் ஷீலாவிடம் சொன்னான்.

பொங்கல் கழிந்து லிங்கேஸ்வரன் தங்கையைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டான். சுகன்யா பரீட்சை எழுதவில்லை.

சித்திரைத் திருவிழாவுக்கு முளைப்பாரிப் பாட்டு ஒன்று செய்யச் சொல்லி மொக்கச்சாமி வந்தார். சிலமலைத் திருவிழாக் கமிட்டிக்காரர். “போன வருசப் பாட்டு மாதிரி ஏலக்காயை மட்டும் குலுக்கிக் குடுத்துறாதப்பு. இந்தத் தடவை அடி விழணும்.” ஐசக்குக்கு அந்த மாதங்களில் எதையும் புதிதாகச் செய்யக் கை ஓடவில்லை. கழிவு ஃபோல்டரைத் திறந்து, எண்களை ஒவ்வொன்றாக அழுத்திக் கேட்டுக்கொண்டே போனான். ஓரிடத்தில் நின்றான். நாலு நொடி இழுவை. அதற்குள் சீராக விழும் ஒரு விக்கல். எங்கிருந்து எடுத்தது என்று நினைவில்லை. எதுவாக இருந்தாலும் கும்மிக்கு அளவெடுத்து வெட்டியது போலிருந்தது. அதை வரிசையாக ஒட்டி ஓடவிட்டான். அதன் மேல் பறை, அதன் மேல் டம்ளர் ஏலக்காய், அதன் மேல் பாட்டு. விக்கல் விழுகிற இடத்தில் கைதட்டை வைத்தான். மொக்கச்சாமி கேட்டுவிட்டுத் தொடையைத் தட்டினார்.

குலவை மட்டும் பாக்கி. அதற்குச் சிலமலையிலிருந்து நாலு பெண்களை அனுப்பியிருந்தார். மில் நின்ற நேரம் பார்த்து, பேசிச் சிரித்துக்கொண்டே படியேறி வந்தார்கள்.

“இதுக்குள்ளயா தம்பி குலவை போடணும்? முட்டை வண்டிக்குள்ள ஏறுன மாதிரி இருக்கு.”

“நீ போட்டா முட்டையெல்லாம் பொரிஞ்சுரும்டி, மெதுவாப் போடு.”

அவர்களில் மூத்தவள் பொன்னுமணி, நாற்பது தாண்டியவள். பாட்டைக் கேட்டுப் பழக வேண்டும் என்பதால் ஐசக் அவளுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டான். முதலில் இழுவை மட்டும் வரும், எட்டாவது விக்கலில் பறை விழும், அப்போது குலவை. விளக்கிவிட்டு ஓடவிட்டான். பறை விழுவதற்கு முன்பே அவள் சிரித்துவிட்டாள்.

“எங்க எஸ்டேட்டு விக்கல் மோட்டரை எப்பத் தம்பி புடிச்சீங்க?”

“என்ன மோட்டர்க்கா?”

“மருந்தடிக்கிற மோட்டரு. இப்படித்தான் விக்கும். தண்ணி குடுங்கடி மோட்டருக்குன்னு அன்னக்கொடிக்கா கேலி பேசும்.”

அந்தப் பெயரைச் சொன்னதும் பொன்னுமணி ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஜீப்பு இல்லையா அது?” என்றான் ஐசக்.

“ஜீப்பு எதுக்கு விக்குது?”

“வேற எதுக்காவது ஓட்டுவாங்களா? தண்ணி இறைக்க?”

“தண்ணிக்கு வேற மோட்டரு. இது மருந்தடிக்கிறப்ப மட்டுந்தான். அடிச்சு முடிச்சதும் அமத்திருவாங்க.”

ஐசக் அந்த எண்ணின் மேல் மவுஸை வைத்து, அது உருவான தேதியைத் திறந்து பார்த்தான். அக்டோபர் பதினொன்று. பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. மருந்தடிச்சு மூணு நாளாச்சு என்று ஜக்கையன் தெளிவாகச் சொன்னது, அவனே தெளிவாக்கிக் கொடுத்த குரலில், காதுக்குள் வந்து நின்றது. அந்தக் குரல் பேசும்போது பின்னால் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் விடிந்து எட்டு மணிக்கு அவர்கள் காட்டுக்குள் இறங்கினார்கள்.

குலவையைப் பதிவு செய்தார்கள். மூன்று தடவை சரியாக வரவில்லை, நாலாவது வந்தது. மில் ஓடத் தொடங்குவதற்குள் முடிக்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் இறங்கிப் போனார்கள். பொன்னுமணி மட்டும் வாசலில் ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டு, மறு காலை வெறுமனே வைத்தபடி நின்றாள்.

“அது அந்த மெசேஜ்ல இருந்ததா தம்பி?”

“ஆமாக்கா. நான்தான் எடுத்துட்டேன்.”

“நாங்க எழுதிக் குடுத்துட்டோம்ல” என்றாள். சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துவிட்டு எடுத்தாள். “அன்னைக்குக் காலையில ஜீப்புல வச்சே அன்னக்கொடிக்கா சொன்னுச்சு. இவன் மூணு நாளுங்கிறான், பின்னாடி விக்கிக்கிட்டுக் கெடக்குதுடின்னு. எறங்கிரலாமான்னு கேட்டோம். எறங்குனா நாளைக்கு வேற லோடு ஏறிரும்னுச்சு. மேட்டுப் பக்கம் மருந்து ஹோஸ் எட்டாது, அங்கிட்டு நீங்க பதிமூணு பேரும் போங்க, பள்ளத்தை நான் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டு, அதுபாட்டுக்கு ஏலச்செடித் தூர்ல குனிஞ்சு ஒக்காந்துருச்சு.”

கீழே மில் ஓடத் தொடங்கியது.